துவாஸ் கடலில் சேறும் மட்டிகளும்

மட்டி நீரை வடிகட்டி உண்டு வாழ்கிறது. ஒரு குழாய் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளைச் செவுள்களில் பிடித்துக்கொண்டு, மறு குழாய் வழியே நீரை வெளியே விடுகிறது. நீரில் கலந்த எண்ணெயும் உலோகமும் மண்ணும் அதன் உடலைத் தொட்டே செல்கின்றன. மீனைப்போல் விலகிப் போக அதற்கு வழியில்லை. ஓட்டை மூடிக்கொள்ளலாம், மூடிய நேரமெல்லாம் பட்டினி.

சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸில் நீரின் இயல்பே பலமுறை மாறிவிட்டது. 1981இல் தெங்கே ஆற்றின் முகத்துவாரம் அணையால் அடைக்கப்பட்டு நன்னீர்த் தேக்கமானது. உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றுப்படுகையில் மட்டுமே வாழும் சிப்பிகளுக்கு அங்கே இனி இடமில்லை. கரையைத் தாண்டிக் கடலும் தூர்க்கப்பட்டு நிலமானது; அதன்மேல் கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன.

கப்பல்களோடு ஒரு நஞ்சும் வந்தது. கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசிய சாயத்தில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. பிரான்சின் ஆர்க்கஷான் விரிகுடாவில் அது சிப்பிகளின் ஓட்டைத் தடிக்கச் செய்து, குஞ்சுகளை அழித்தது. அந்நாடு 1982இல் கட்டுப்பாடு விதித்தது. சிங்கப்பூர்க் கரைகளிலும் இந்நஞ்சால் பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருந்ததை 1990களில் ஆய்வாளர்கள் கண்டனர். இச்சாயத்தைத் தடுக்கும் அனைத்துலக உடன்பாடு 2001இல் உருவாகி, 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இக்கடலில் மட்டிகளை அதிகம் வருத்துவது நஞ்சைவிட மண்தான். கடலைத் தூர்ப்பதாலும் கப்பல் வழியை ஆழப்படுத்துவதாலும் எழும் நுண்மண் நீரோட்டத்தில் வெகுதூரம் பரவுகிறது. 1960களில் சுமார் 10 மீட்டர் ஆழம்வரை தெளிந்திருந்த நீர், பின்னர் 2 மீட்டருக்குமேல் பார்க்க முடியாதபடி கலங்கியது. செவுளில் படியும் மண்ணைச் சளியில் சுருட்டி வெளியே தள்ளுவதிலேயே மட்டியின் ஆற்றல் கரைகிறது. ஒட்டிக்கொள்ளத் தூய பாறை கிடைக்காத குஞ்சுகள் மடிகின்றன.

இராட்சத மட்டிக்கு இன்னொரு துன்பமும் உண்டு. அதன் சதைக்குள் வாழும் பாசி வெயிலில் உணவு சமைத்து மட்டிக்கும் தருகிறது. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. 2009-2010இல் சிங்கப்பூரின் 29 பவளத்திட்டுகளில் தேடியபோது கிடைத்தவை 59 இராட்சத மட்டிகள்தான். அவற்றில் இரண்டு இனங்கள் இங்கே அற்றேபோயின. உணவுக்காகவும் ஓட்டுக்காகவும் பிடித்ததும், திட்டுகள் மண்ணுக்குள் புதைந்ததும் இதற்குக் காரணங்கள். இவை முட்டையையும் விந்தையும் நீரில் விடுபவை. அருகில் துணை இல்லாவிட்டால் கருவுறுதல் அரிது. ஆகவே சிதறிக் கிடக்கும் மட்டிகள் உயிரோடிருந்தும் இனம் பெருகவில்லை.

துவாஸில் கட்டப்படும் பெருந்துறைமுகத்துக்காக, அருகிலுள்ள சுல்தான் ஷோல் திட்டின் பவளங்கள் தெற்குத் தீவுகளுக்குப் பெயர்த்து நடப்பட்டன. செயின்ட் ஜான்ஸ் தீவு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மட்டிக் குஞ்சுகளும் திட்டுகளில் விடப்படுகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் துறைமுகம் 2022இல் திறக்கப்பட்டாலும், முழுப் பணியும் 2040களில்தான் முடியும். அதுவரை மண் வேலையின்போது நீரின் கலங்கலை நாள்தோறும் அளந்து, வரம்பு மீறினால் வேலையை நிறுத்துவதே மட்டிகளுக்குச் செய்யும் முதல் உதவி. குஞ்சுகளை விடுவது அதற்கு அடுத்ததே.