மோதிரக் காவியத்தில் ஒலிக்கும் சிரிப்பு



ஜே. ஆர். ஆர். ரோல்கீன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவன போர்க்களங்களும், புகை கக்கும் மலையும், உலகை அடிமைப்படுத்தவல்ல ஒரு மோதிரமுமே. ஆனால் 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' நாவலை வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து வாசிக்கும் பழக்கமுள்ள இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு வேறு திசையில் போகும். "அந்தக் கரண்டிப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர் பதில் சொல்லுமுன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த வாரம் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ரோல்கீன் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1937இல் சிறுவர்களுக்கென 'த ஹொபிற்' நூலை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக எழுதத் தொடங்கியது வளர்ந்து வளர்ந்து, 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த பெருநாவலாயிற்று. நியூசிலாந்து நெறியாளர் பீற்றர் ஜக்சன் அதனை 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகத் தந்தார். பின்னர் 'ஹொபிற்' நூலையும் 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக நீட்டினார். அவ்வளவு நீட்டியிருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். அது வேறு கதை.

ஹொபிற்றுகள் என்போர் மனிதரின் அரைவாசி உயரமே உள்ள ஓர் இனத்தவர். காலில் உரோமம், செருப்பு அணிவதில்லை. வசதிப்பட்டால் நாளுக்கு ஆறு வேளை உண்பர். உறவுமுறைகளை ஏழு தலைமுறைக்குப் பின்னோக்கி ஒப்புவிப்பதில் அலாதிப் பிரியம் கொண்டவர்கள். இப்படிப்பட்ட ஊர்ப்புறத்து மனிதர்களை அரசர்களும் மந்திரவாதிகளும் உலவும் காவிய உலகத்தினுள்ளே கொண்டுபோய் விட்டதில்தான் ரோல்கீனின் நகைச்சுவை பிறக்கிறது. அரசர் செந்தமிழ் பேச, பக்கத்தில் நிற்பவர் சமையலறைப் பேச்சுப் பேசினால் எப்படியிருக்கும்? ஆங்கில மூலத்தில் அந்த இரண்டு நடைகளும் உரசிக்கொள்ளும் ஓசை பக்கத்துக்குப் பக்கம் கேட்கிறது.

நாவலின் முதல் அத்தியாயத்தில் பில்போ என்ற முதிய ஹொபிற் தனது நூற்றுப் பதினோராவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். குடும்பக் கூடாரத்தில் மட்டும் 144 விருந்தினர். உரையாற்ற எழுந்தவர் குடும்பப் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து வருகிறார். 'புறவுட்பூற்' என்ற குடும்பத்தின் முறை வரும்போது பன்மை விகுதியைச் சாதாரணமாகச் சேர்த்து 'புறவுட்பூற்ஸ்' என்கிறார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் 'புறவுட்பீற்' என்று திருத்தம் கூவுகிறார். ஆங்கிலத்தில் கால் என்ற சொல்லின் பன்மை 'பீற்' அல்லவா? கிழவரின் இலக்கணப் பற்றுக்கு ஆதாரமாக அவருடைய பெரிய உரோமக் கால்கள் இரண்டும் மேசைமீது கிடக்கின்றன. மொழியியல் பேராசிரியர் ஒருவரால் மட்டுமே எழுதக்கூடிய பகிடி இது. 2001இல் வந்த படமும் இதை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது. தமிழில் இதைப் பெயர்க்க முயல்பவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

அதே உரையில் பில்போ தன் விருந்தினரைப் புகழ்வதுபோல ஒரு வாக்கியம் சொல்கிறார். பாதி, அரைவாசி என்று கணக்கு மாறி மாறி வரும் அந்த வாக்கியத்தைக் கேட்ட சபையில் கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே எழுகிறது. பெரும்பாலோர் அது பாராட்டா வசையா என்று மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விருந்து முடிந்ததும் பில்போ மாயமாகிவிடுகிறார். வீட்டில் அவர் விட்டுச்சென்ற அன்பளிப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. கண்ட இடமெல்லாம் பிறருடைய குடைகளை எடுத்துப்போகும் உறவினருக்கு ஒரு குடை. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புத்திமதிக் கடிதங்களாய் எழுதித் தள்ளிய மூதாட்டிக்குப் பெரியதொரு குப்பைக்கூடை. இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தராதவருக்கு ஒரு புத்தக அலுமாரி. வெறும் அலுமாரி! (இந்தக் கடைசி அன்பளிப்பை அனுப்பிவைக்க வேண்டியவர்கள் சிலர் எனக்கும் உண்டு.)

இனிக் கரண்டிப் பெட்டி. பில்போவின் உறவினளான லொபீலியாவுக்கு அவருடைய வீட்டின்மீது நெடுங்காலமாக ஒரு கண். 'ஹொபிற்' நூலின் முடிவில், பில்போ இறந்துபோனார் என எண்ணி அவருடைய பொருட்களை ஏலம் போடுகிறார்கள். அந்தக் குழப்பத்தில் காணாமற்போன வெள்ளிக் கரண்டிகள் எங்கே போயின என்பதில் பில்போவுக்கு உறுதியான ஓர் எண்ணம் இருந்தது. அறுபது வருடங்கள் கழித்து ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டிகளை அவள் பெயருக்கே விட்டுச்செல்கிறார், இம்முறை அன்பளிப்பாக. குத்தல் லொபீலியாவுக்கு விளங்காமலில்லை. விளங்கிக்கொண்டே கரண்டிகளை வாங்கிப்போகிறாள். அன்றே வீடு முழுவதும் சுற்றுகிறாள். வாசலில் வைத்து அவளது குடையைப் புரோடோ வாங்கிப் பார்த்தால், விலையுயர்ந்த சிறு பொருட்கள் சில அதனுள்ளே எப்படியோ விழுந்து கிடக்கின்றன. அந்தக் குடையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

'ஹொபிற்' நூலில் வரும் மூன்று பூதங்களின் சண்டையும் வாசகர்கள் மறக்காத ஒன்று. ரொம், பேர்ட், வில்லியம் என்று அவற்றுக்குப் பெயர். பேச்சோ இலண்டன் சந்தைப் பேச்சு. பிடிபட்ட குள்ளர்களை வாட்டுவதா, அவிப்பதா, மேலே உட்கார்ந்து நசிப்பதா என்று அவை தர்க்கிக்கின்றன. மறைந்திருக்கும் மந்திரவாதி கண்டால்ப் அவற்றின் குரலிலேயே இடையிடையே பேசி வாக்குவாதத்தை வளர்க்க, பொழுது விடிந்து மூன்றும் கல்லாகின்றன. படத்தில் பில்போவே சமையல் ஆலோசனை சொல்லிக் காலத்தைக் கடத்துகிறான். இந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. பில்போவின் சமயோசிதம் அதில் துலங்குகிறது.

பெருநாவலில் அந்தக் கற்பூதங்கள் மீண்டும் வருகின்றன. எதிரியின் நஞ்சூட்டிய கத்தியால் காயமுற்ற புரோடோவைச் சுமைக்குதிரையில் ஏற்றிக்கொண்டு தோழர்கள் காட்டுவழி போகிறார்கள். திடீரென மரங்களிடையே பூதங்கள். மெரியும் பிப்பினும் நடுங்குகிறார்கள். அரகோன் நேரே நடந்துபோய் ஒன்றின்மீது தடியால் ஓங்கி அடிக்கிறான். அதன் காதோரம் பழைய பறவைக்கூடு ஒன்று! எல்லோரும் சிரிக்கிறார்கள், சாம் ஒரு வேடிக்கைப் பாட்டுப் பாடுகிறான். உடல் குளிர்ந்து மரணத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கும் புரோடோவுக்கு அன்று சற்று உயிர் வருகிறது. ரோல்கீன் சிரிப்பை எங்கே வைக்கிறார் என்பதை இங்கு நாம் அவதானிக்க வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும்போது நகையையே முதலில் வைத்தார். அது தோன்றும் களங்களுள் எள்ளலும் உண்டு, இளமையும் பேதைமையும் உண்டு. நூலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல எனக்கு இந்தப் பாகுபாடே கைகொடுக்கிறது. குள்ளர் இனத்துக் கிம்லியை எடுத்துக்கொள்வோம். கோட்டைப் போரில் கிம்லியும் எல்வ் இனத்து லெகோலசும் யார் கூடுதலான எதிரிகளை வீழ்த்துவது என்று எண்ணிக்கொண்டு வருவது நூலிலும் உண்டு. 42க்கு 41 என்று கிம்லியே வெல்கிறார். லெகோலஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. நண்பனை உயிரோடு கண்டதே அவருக்குப் போதும். பரம்பரைப் பகை கொண்ட இரண்டு இனத்தவர் நண்பர்களாகிவிட்டதை அந்த எண்ணிக்கைப் பகிடி சொல்லாமல் சொல்கிறது.

படத்திலோ கிம்லி விழுகிறார், மூச்சிரைக்கிறார், மதில் உயரமென்பதால் வெளியே பார்க்க முடியாமல் எட்டுகிறார், தன்னைத் தூக்கி எறியும்படி கெஞ்சிவிட்டு அதை லெகோலசுக்குச் சொல்லவேண்டாம் என்கிறார். திரையரங்கு சிரிக்கத்தான் செய்கிறது. அந்தப் பாத்திரத்தை ஏற்ற ஜோன் றீஸ்-டேவிஸ் ஆறடிக்கு மேல் உயரமான, தேர்ந்த நடிகர், குறை அவருடையதல்ல. குள்ளனுடைய உயரத்தைப் பார்த்துச் சிரிப்பது எள்ளலால் வரும் சிரிப்பு. சிரித்து முடிந்ததும் கிம்லி என்ற மனிதர் நம் மனதில் ஓர் அங்குலம் குறைந்துபோகிறார். நூலில் தன் மனங்கவர்ந்த எல்வ் அரசியின் அழகுக்காகக் கோடரியைத் தூக்கும் அந்த வீரர், இறுதியில் குதிரை நாட்டு மன்னனோடு அந்த வழக்கை எத்தனை நாகரிகமாகத் தீர்த்துக்கொள்கிறார்! அதுவும் வேடிக்கைதான். ஆனால் அங்கே கிம்லி வளர்கிறார்.

படத்தைக் குறை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. இரண்டாவது காலையுணவு எப்போது என்று பிப்பின் அரகோனிடம் விசாரிக்கும் காட்சி நாவலில் இல்லை. ஆயினும் அது அசல் ரோல்கீன். அரகோன் ஒரு சொல்லும் பேசாமல் போகிறான்; புதருக்கப்பாலிருந்து ஓர் அப்பிள் பறந்துவருகிறது; அடுத்தது பிப்பினின் நெற்றியில் விழுகிறது. எள்ளல் இல்லை, வெறும் இளமை.

இதே மெரியும் பிப்பினும் பகைவனின் கோட்டை இடிந்து கிடக்கும் வாசலில், கொள்ளையடித்த பன்றியிறைச்சியும் புகையிலையுமாகச் சாய்ந்திருந்தபடி தியோடன் மன்னரை வரவேற்கும் இடம் நாவலின் உச்ச நகைச்சுவைகளில் ஒன்று. தங்களைத் தேடிக் காடும் மேடும் கடந்து ஓடிவந்த நண்பர்களையும் வைத்துக்கொண்டு, மெரி மன்னருக்குப் புகையிலைச் செய்கையின் வரலாற்றை விளக்க ஆரம்பிக்கிறான். கண்டால்ப் குறுக்கிட்டு நிறுத்துகிறார். மன்னர் பிறகு கேட்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நாமும் சிரித்து மறந்துவிடுகிறோம். முந்நூறு பக்கங்களுக்கு அப்பால், போர்க்களத்தில் குதிரையின் கீழ் நசுங்கிக் கிடக்கும் தியோடன் மெரியிடம் வருந்துவது எதற்காகத் தெரியுமா? அந்தப் புகையிலைக் கதையை இனிக் கேட்கக் கிடைக்காதே என்பதற்காக. அதன்பின் மெரிக்குச் சுங்கானை வாயில் வைக்கவே மனம் வரவில்லை.

சாமின் சட்டிபானைகளும் அப்படியே. முயற்கறி சமைக்க அவன் படும் பாடும், உருளைக்கிழங்கு என்றால் என்னவென்று தெரியாத கொல்லத்துக்கு அவன் நடத்தும் பாடமும் படத்திலும் நூலிலும் எல்லோருக்கும் பிடித்தவை. ஆனால் மோர்டோர் நாட்டில், சுமையைக் குறைக்க அந்தச் சட்டிகளை ஒரு பிளவுக்குள் எறியும்போது சாம் கண்கலங்குகிறான். அவை உருண்டு விழும் ஓசை அவனுக்குச் சாவுமணிபோலக் கேட்கிறது. திரும்பிப் போகும் வழி இனிக் கிடையாது என்பதை அந்தத் தகர ஓசைதான் நமக்குச் சொல்கிறது. முதலாம் உலகப் போரில் 1916இல் சொம் போர்முனையில் நின்றவர் ரோல்கீன். தாம் அங்கே கண்ட சாதாரணச் சிப்பாய்களின் சாயலே சாம் என்று அவர் கூறியிருக்கிறார்.

அதற்குச் சற்று முன்னால், பகை நாட்டின் எல்லையில் செங்குத்தான படிக்கட்டில் களைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் இருவரும். தங்கள் கதையையும் யாராவது ஒருநாள் அடுப்பங்கரையில் சொல்வார்களா, பிள்ளைகள் அதைக் கேட்கப் பிடிவாதம் பிடிப்பார்களா என்று சாம் கற்பனை பண்ணுகிறான். புரோடோ சிரிக்கிறான், நெஞ்சிலிருந்து எழும் நீண்ட, தெளிந்த சிரிப்பு. ஸொரன் அந்த உலகுக்கு வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் அப்படியொரு ஒலி கேட்டதில்லை. பாறைகளே செவிசாய்த்தாற்போல் சாமுக்குத் தோன்றுகிறது. ஆயிரம் பக்க நாவலில் எனக்கு ஓர் இடத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதையே வைத்துக்கொள்வேன். இந்த உரையாடல் 2002இல் வந்த படத்தின் முடிவில் ஒரு காட்டுவழிக்கு இடம் மாறியிருக்கிறது. வார்த்தைகள் இருக்கின்றன, அந்த நீண்ட சிரிப்பு இல்லை. குரல் ஒன்றையே நம்பும் வானொலிக்கே இது பொருத்தமான இடமென்று நினைப்பதுண்டு. பி.பி.சி. 1981இல் இந்நாவலை 26 பகுதிகளாக ஒலிபரப்பியது. புரோடோவாகக் குரல் கொடுத்த இயன் ஹோம், இருபது வருடங்களின் பின் ஜக்சனின் படத்தில் முதிய பில்போவாகத் தோன்றினார்.

லொபீலியாவின் குடைக்கு வருகிறேன். மோதிரம் அழிந்து வீரர்கள் ஊர் திரும்பும்போது அவர்களுடைய ஷயர் நாடு முரடர்களின் கையில் இருக்கிறது. படம் இந்தப் பகுதியை முற்றாக விட்டுவிட்டது. நூறு வயதைத் தாண்டிய லொபீலியா, தன்னைப்போல இருமடங்கு பருமனான ஒரு முரடனை அந்தக் குடையாலேயே விளாசிச் சிறைபோயிருக்கிறாள். சிறை திறந்து புரோடோவின் கையைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வெளியே வருகிறாள். குடை இன்னும் அவள் கையில். ஊர் கூடி ஆரவாரம் செய்கிறது. வாழ்நாளில் ஒருபோதும் எவருடைய அன்புக்கும் பாத்திரமாகாத அந்தக் கிழவி அழுதுவிடுகிறாள். மகன் கொலையுண்ட செய்தி அவளை உடைத்துவிட, இத்தனை காலமும் ஆசைப்பட்ட வீட்டைப் புரோடோவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பிறந்த ஊருக்குப் போகிறாள். அடுத்த வசந்தத்தில் அவள் இறந்தபோது, வீடிழந்த ஹொபிற்றுகளுக்கு உதவும்படி மிஞ்சிய பணம் முழுவதையும் புரோடோவிடம் விட்டுச்சென்றிருந்தாள்.

வெள்ளிக் கரண்டிகள் என்னவாயின என்று ரோல்கீன் எங்கும் சொல்லவில்லை.