எட்டுக் கட்டில்களில் தொடங்கிய ஒரு வைத்தியப் பணி

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கழியும் சில மணித்தியாலங்களையே எம்மிற் பலர் எண்ணுகின்றோம். நோயாளியின் நீண்ட செலவு அதன் பின்னரே ஆரம்பமாகின்றது. பிறரது உறுப்பை உடல் நிராகரித்துவிடாதிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை அந்தச் சிறுநீரகம் இயங்கும் காலம் முழுவதும் உட்கொண்டாக வேண்டும். மருந்துக்குப் பணமில்லையெனில், பெற்ற தாய் கொடுத்த சிறுநீரகமும் வீணாகிப் போகும். பாகிஸ்தானின் டொக்டர் அதீபுல் ஹஸன் ரிஸ்வி தமது தொழில் வாழ்க்கை முழுவதும் போராடியது இந்தக் கணக்கோடுதான்.

உத்தரப் பிரதேசத்தில் 1938 இல் பிறந்து, பிரிவினைக்குப் பின்னர் பாகிஸ்தான் சென்ற ரிஸ்வி, கராச்சியின் டௌ மருத்துவக் கல்லூரியில் கற்றார். பிரித்தானியாவில் மேற்பயிற்சி பெற்ற காலத்தில், வறியவர், செல்வர் என்ற பேதமின்றி இலவச வைத்தியம் வழங்கும் அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவை அவரது மனதில் ஆழப் பதிந்தது. 1971 இல் நாடு திரும்பிய அவர், கராச்சி அரசாங்க சிவில் வைத்தியசாலையில் 8 கட்டில்களைக் கொண்ட சிறுநீர்த்தொகுதி நோயாளர் விடுதியொன்றைப் பொறுப்பேற்றார்.

அவ்விடுதியை நாடி வந்தவர்களில் கணிசமானோர் சிறுநீரகக் கல் நோயாளர்கள். சிந்துவின் கடும் வெப்பமும் நீரிழப்பும் இந்நோய்க்குத் துணைபோகின்றன. உரிய காலத்தில் அகற்றப்படாத கல் சிறுநீரின் பாதையை அடைக்க, நாளடைவில் சிறுநீரகம் செயலிழக்கின்றது. அதன்பின் வாரத்தில் இரண்டு மூன்று தடவைகள், ஒவ்வொன்றும் சுமார் 4 மணித்தியாலம் நீடிக்கும் குருதிச் சுத்திகரிப்பே கதி. கூலித் தொழிலாளி ஒருவர் இதற்கிடையில் எவ்வாறு வேலைக்குச் செல்வது? கல்லை அகற்றும் நிபுணர் மாற்றுச் சிகிச்சையை நோக்கி நகர்ந்தமைக்கு இதுவே காரணம். 1985 இல் அங்கு முதலாவது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை இடம்பெற்றது. 1991 இல் அவ்விடுதி, சிந்து சிறுநீரியல் மற்றும் உறுப்பு மாற்று நிறுவகமாகத் தன்னாட்சி பெற்றது. செலவில் ஒரு பகுதியை அரசாங்கமும் மிகுதியைப் பொதுமக்களும் ஏற்க, சத்திரசிகிச்சை மட்டுமன்றிப் பின்னரான மருந்துகளும் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. இலவச வைத்தியத்தோடு பிறந்து வளர்ந்த எமக்கு இதன் அருமை எளிதில் புலப்படாது.

இதே காலத்தில் அந்நாட்டின் வேறு பகுதிகளில் சிறுநீரகம் விலைப்பொருளாகியிருந்தது. 2005 இல் பாகிஸ்தானில் நடைபெற்ற ஏறத்தாழ 2,000 மாற்றுச் சத்திரசிகிச்சைகளில் மூன்றில் இரண்டு பங்கு வரையானவை வெளிநாட்டவர்களுக்கே செய்யப்பட்டிருக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகை 2007 இல் சுட்டிக்காட்டியது. விற்றவர்களுக்கு எஞ்சியது என்ன? ரிஸ்வியும் அவரது சகாக்களும் பஞ்சாப் கிராமங்களில் சிறுநீரகம் விற்ற 239 பேரை ஆராய்ந்தனர். பெரும்பாலானோர் கொத்தடிமைத் தொழிலாளர்கள். 93 வீதமானோர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். 88 வீதமானோரின் பொருளாதார நிலையில் எந்த முன்னேற்றமும் ஏற்பட்டிருக்கவில்லை. உடலுறுப்பை விற்பது அவரவர் சுதந்திரம் என வாதிடுவோர் இந்த இலக்கங்களைச் சற்றே நோக்குவது நன்று.

ரிஸ்வி போன்றோரின் நீண்டகால வற்புறுத்தலின் பின்னர், 2007 இல் அவசரச் சட்டமொன்றும் 2010 இல் நிரந்தரச் சட்டமும் உறுப்பு வியாபாரத்தைத் தடைசெய்தன. ஆயினும் 2017 இல் லாகூரில் சட்டவிரோத மாற்றுச் சத்திரசிகிச்சை தொடர்பில் வைத்தியர்கள் கைது செய்யப்பட்டனர். தேவை இருக்கும்வரை சந்தை மறைவாகவேனும் இயங்கும். இறந்தோரின் உறுப்புகள் கிடைக்குமாயின் அத்தேவை குறையும்; சட்டம் அதற்கு இடமளித்தபோதிலும், மக்களின் தயக்கம் நீங்கவில்லை.

சமூக சேவையாளர் அப்துல் சத்தார் ஈதி சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் இந்நிறுவகத்திலேயே சிகிச்சை பெற்றார். வெளிநாட்டில் வைத்தியம் பெற வாய்ப்பளிக்கப்பட்டபோது, தமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலையே போதுமென மறுத்துவிட்டார். 2016 ஜூலை 8 ஆம் திகதி அவர் காலமானதும், அவரது விருப்பப்படி கண்கள் தானமாகப் பெறப்பட்டு, பார்வையற்ற இருவருக்குப் பொருத்தப்பட்டன.