முன்னெச்சரிக்கையும் விசுவாசமும்

கொள்ளைநோயில் முன்னெச்சரிக்கை அவிசுவாசமோ என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது, லூத்தர் நகரைவிட்டு அகலாது நோயுற்றோரைப் பேணினார். ஆயினும் மருந்தை ஏற்கவும், தேவையின்றி நோயுள்ள இடங்களுக்குச் செல்லாதிருக்கவும் அறிவுறுத்தி எழுதினார். தன்னைக் காவாதவன் பிறருக்கும் நோயைப் பரப்பக்கூடும் என்பதே அவர் காட்டிய காரணம்.

கொரோனாக் காலத்திலும் இவ்வினா எழுந்தது. தடுப்பூசியின் ஆற்றல் நாளடைவில் குறைவதாலும் கிருமி உருமாறுவதாலும் மறுதவணை தேவையாயிற்று. 2022 ஜனவரி 10 முதல் நம் நாட்டில் அது 'முன்னெச்சரிக்கைத் தவணை' என்றே வழங்கப்பட்டது. 2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததென அறிவித்தபோதிலும், கிருமி மறையவில்லை.

ஆகவே காய்ச்சலுற்ற போதகர் முதியோர் இல்லங்களுக்குச் செல்லாதிருப்பது அன்பின் கடமை. நலமுற்றிருந்தும் அச்சத்தால் நோயாளியைச் சந்திக்காதிருப்பதோ அழைப்பைத் துறப்பதாகும். இவ்விரண்டையும் பகுத்தறிதலே நம் ஊழியத்திற்குரிய ஞானம்.