பேருருவ வளர்ச்சியும் அதைத் தாங்கும் உடலும்

ஓர் உயிர் தன் இனத்துக்குரிய அளவை மீறி வளர்வது அசுர வளர்ச்சி. மனிதரிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம், மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டி. அதனால் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும். எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடுமுன் இது நேர்ந்தால் உயரம் கட்டுக்கடங்காமல் கூடும், அது அசுரத்தன்மை. மூடிய பின் நேர்ந்தால் உயரம் கூடாது; கை, பாதம், தாடை, மூக்கு பருக்கும்; அது அக்ரோமெகலி.

நம்பத்தக்க பதிவுகளின்படி மிக உயரமான மனிதர் அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ (1918–1940). உயரம் 272 செ.மீ. நடப்பதற்குக் கால்களில் தாங்கிகள் அணிந்தார். தாங்கி உராய்ந்த புண்ணில் கிருமி தொற்றி 22 வயதில் இறந்தார். உடல் எல்லாப் பக்கமும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். பேருருவத்தின் துன்பம் இந்தக் கணக்கில் இருக்கிறது. இன்று அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகியவற்றால் நோயைக் கட்டுப்படுத்தலாம். ஆகவே வயதுக்கு மீறி விரைந்து உயரும் பிள்ளையைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஓர் இனமே பேருருவாக இருப்பது நோயன்று. அங்கே உடலோடு தாங்கும் ஏற்பாடும் சேர்ந்தே உருவாகியிருக்கும். சுமார் 30 மீட்டர் நீளம்வரை வளரும் நீலத் திமிங்கலத்தைக் கடல்நீர் தாங்குகிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்து, 1987இல் ஆய்வாளர்கள் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் விவரித்த புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசார், நிலத்தில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். அதன் எலும்புகள் பின்னர் சிதைந்துபோயின. இவ்வகை நெடுங்கழுத்து டைனோசார்களுக்குத் தூண் போன்ற கால்களும் காற்றறைகள் கொண்ட முதுகெலும்பும் இருந்தன.

பயிரிலும் தாங்கும் வலிமையை மீறிய வளர்ச்சி துன்பமே. பக்கானே நோய் கண்ட நெற்பயிர் மெலிந்து, மிதமிஞ்சி உயர்ந்து சாயும். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926இல் ஆய்வாளர் குரோசாவா காட்டினார்; அதுவே ஜிப்ரல்லின். திருவண்ணாமலை போன்ற நெல் விளையும் மாவட்டங்களின் உழவர்கள் சாயும் பயிரின் இழப்பை நன்கறிவர். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான ரகங்கள் கதிர் முற்றும்போது காற்றில் சாய்வதுண்டு. 1966இல் வெளியான ஐ.ஆர். 8 நெல்லில் பயிரே உண்டாக்கும் ஜிப்ரல்லின் குறைவு. அதனால் குட்டையான தாள், கதிரின் பாரத்தைத் தாங்கியது.

மரங்களில், ஆலமரம் தன் பாரத்தைத் தாங்க விழுதூன்றிப் பரவுகிறது. ஆந்திரத்தின் கதிரி அருகேயுள்ள திம்மம்மா ஆலமரம் ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது. சென்னை அடையாறு ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றியிருந்ததால் மரம் பிழைத்தது.