யூரியாவும் 'ஆர்கானிக்'தான்!

வேதியியல் வாத்தியாரைக் கேட்டால் யூரியாவும் 'ஆர்கானிக்' என்றுதான் சொல்வார். கரிமச் சேர்மங்களுக்கு அங்கே அதுதான் பெயர். உயிருள்ள உடம்புதான் இதையெல்லாம் உண்டாக்கும்னு நம்பின காலத்துல, 1828-ல் ஜெர்மானியரான வோலர் யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். நம்ம கோமியத்துல இருக்கிற அதே யூரியா!

இந்தச் சொல்லின் வேர் கிரேக்க மொழியின் 'ஆர்கனான்', அதாவது கருவி. அதிலிருந்து உடல் உறுப்பு, அப்புறம் உயிருள்ளது என்று பொருள் நகர்ந்தது. 1940-ல் 'லுக் டு தி லேண்ட்' நூலில் 'ஆர்கானிக் விவசாயம்' என்று எழுதியவர் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு. ரசாயனம் போடாதது என்று மட்டும் அவர் சொல்லலீங்க. பண்ணை முழுக்க ஒரே உடம்பு. மண், பயிர், மாடு எல்லாம் அதன் உறுப்புகள். நம்ம அரசு சொல்ற 'அங்கக வேளாண்மை'யில் அந்த அங்கம் அப்படியே இருக்கு.

அப்படின்னா, மாடே இல்லாத தோட்டத்துக்கு 'ஆர்கானிக்' பாட்டிலா வாங்கி ஊத்துறதை என்னன்னு சொல்றது? பேங்க்ல இருந்த பழக்கம், நான் லேபிளைப் பார்க்கிறதில்லை, பில்லைத்தான் பார்ப்பேன். உரம் கொட்டகையிலிருந்து எவ்வளவு வந்தது, கடையிலிருந்து எவ்வளவு வந்ததுன்னு நீங்களும் இந்தப் போகத்துக்குப் பிரிச்சு எழுதிப் பாருங்க.