பம்பைக் கழற்றுவதற்கு முன்...



மேலூர் வட்டாரத்துக் கண்மாய் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட காட்சி இது. வண்டல் மண்ணைத் தள்ள வந்த பழைய செயின் வண்டி, வறண்ட தரையின் நடுவே நின்றுவிட்டது. அரைமணி நேரம் ஓடும். பிறகு சோர்ந்து அணையும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் கிளம்பும். அதன் உரிமையாளர் எமது மதரசா மாணவர் ஒருவரின் தந்தை. மனைவியின் நகைகளை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. "பம்பு போய்விட்டது, கழற்றி மதுரைக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் கூறியதும் அவர் முகம் வாடியது. ஐப்பசி மழைக்குள் வேலை முடிந்தாக வேண்டுமே!

அங்கு வந்த முதிய மெக்கானிக் பாய், "தம்பி, அவசரப்படாதீர்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்" என்றார். திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது. மூடியிலுள்ள காற்றுத் துளையைப் புழுதியும் எண்ணெயும் அடைத்திருந்தன. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வராததால், டீசல் வரத்து நின்றுபோயிருக்கிறது. ஒரு கம்பியால் துளையைக் குத்தியதும் குறை தீர்ந்தது. செலவு ஏதுமில்லை.

டேங்கிலிருந்து தொடங்குங்கள்

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897-இல் வெற்றிகரமாக இயங்கியது. டீசல் எஞ்சின் பொருத்திய செயின் டிராக்டரை கேட்டர்பில்லர் நிறுவனம் 1931-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டிகளில் டீசல் செல்லும் வழி அன்று முதல் பெரிதாக மாறவில்லை: டேங்க், பீட் பம்பு, பில்டர், இன்ஜெக்ஷன் பம்பு, நாசில். சோதனையும் அதே வரிசையில் செல்லட்டும். இன்ஜெக்ஷன் பம்பின் உள்ளுறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. வயல்வெளியில் அதைப் பிரிப்பது கேடாக முடியும்.

டேங்கின் அடியிலும் பில்டரிலும் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரால் ஈரம் படியும். ஆகவே மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நலம்.

கண்ணில் படாத காற்று

டேங்கிற்கும் பீட் பம்பிற்கும் இடையே பைப்பில் விரிசல் இருந்தால், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் டீசல் வெளியே கசியாது. வெளிக்காற்றே உள்ளே இழுக்கப்படும். கசிவு தெரியவில்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். விரிசலைச் சரிசெய்தபின் காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டரின் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழிகள் நின்று டீசல் மட்டும் வரும்போது ஸ்குருவை முடுக்குங்கள். பின்னர் இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்குருவிலும் அவ்வாறே செய்யுங்கள்.

புகை சொல்லும் செய்தி

ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை என்று கொள்ளலாம். வெண்புகை வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், டீசல் சேர்கிறது, ஆனால் எரியவில்லை. கரும்புகை வந்தால் முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள். கண்மாய்ப் புழுதியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால், நாசிலையும் பம்பையும் அதற்குரிய பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை

இத்தகைய நாசில்கள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகின்றன. அந்தத் தாரைக்கு எதிரே ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் ஊசிக் குத்தளவே தெரிந்தாலும், தாமதியாமல் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். தாமதத்தால் விரலையே இழக்க நேரிடலாம்.

பழைய வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு மிக்கதை இறுதியிலும் வையுங்கள். அன்று அந்தச் சகோதரர் மீண்டும் அடகுக் கடைக்குச் செல்லாமல் தப்பியது அந்த வரிசையால்தான்.