தேரையின் நஞ்சும் பட்டாம்பூச்சியின் நஞ்சும்

மழை ஓய்ந்த இரவில் தெருவிளக்கின் அடியில் பூச்சி பிடிக்க அமர்ந்திருக்கும் சொறித்தேரையை நாம் அறிவோம். பகலில் எருக்கஞ்செடியைச் சுற்றி மெதுவாகப் பறக்கும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியையும் அறிவோம். வெந்தய வரியன் என்பது அதன் பெயர். ஒன்று முதுகெலும்புள்ள பிராணி; மற்றொன்று பூச்சி. இவ்விரண்டிற்கும் என்ன ஒற்றுமை? இரண்டுமே இதயத்தைத் தாக்கும் நஞ்சை உடலில் வைத்திருக்கின்றன!

தேரையின் கண்களுக்குப் பின்னால் புடைத்த இரு சுரப்பிகள் உள்ளன. அவற்றை அழுத்தினால் பால் போன்ற நீர் கசியும். தேரையைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளுவது இதனால்தான். இந்நீரிலுள்ள பூஃபாடையினோலைடு என்னும் நஞ்சுகளைத் தேரை கொலஸ்டிராலிலிருந்து தானே தயாரித்துக் கொள்கிறது.

வெந்தய வரியன் தயாரிப்பதில்லை, சேமிக்கிறது. அதன் புழு எருக்கிலையைத் தின்னும்போது, எருக்கம்பாலிலுள்ள கார்டினோலைடு நஞ்சு அதன் உடலில் தங்குகிறது. புழு பட்டாம்பூச்சியான பின்னும் அது நீங்குவதில்லை. நஞ்சில்லாத செடியில் வளர்ந்தால் பட்டாம்பூச்சிக்கும் இந்த நஞ்சு இராது.

இரு நஞ்சுகளும் ஸ்டீராய்டு இனத்தவை. நான்கு வளையங்கள் கொண்ட சட்டம் இரண்டிற்கும் பொது. அதனுடன் இணைந்த மற்றொரு வளையத்தில்தான் முக்கிய வேறுபாடு. எருக்கின் நஞ்சில் அவ்வளையத்திற்கு 5 அணுக்கள். தேரையின் நஞ்சில் 6.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? நம் செல்களின் சவ்வில் அயனிகளை இறைக்கும் பம்புகள் உள்ளன. 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கவ் இவற்றைக் கண்டறிந்தார். 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒவ்வொரு சுற்றிலும் பம்பு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நஞ்சு பம்பை அடைத்துவிட்டால் சோடியம் உள்ளே தேங்கும். அதைத் தொடர்ந்து கால்சியமும் பெருகும். இதயம் அளவுமீறிச் சுருங்கி, தாளம் தவறி, நின்றுவிடவும் கூடும்.

அப்படியானால் தேரையும் வரியனும் ஏன் சாவதில்லை? அவற்றின் பம்புகளின் அமைப்பு சற்றே மாறியிருப்பதால் நஞ்சு எளிதில் ஒட்டுவதில்லை.

வரியனைத் தின்று வாந்தியெடுத்த பறவை அதன் பளிச்சிடும் நிறத்தை நினைவில் வைத்து மறுமுறை விலகும். இரவில் திரியும் தேரைக்கு நிறத்தால் பயன் குறைவு. மண்ணின் நிறமே அதற்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை. தேரையின் நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை. தவளையென எண்ணித் தேரையைத் தின்றவர்கள் இறந்ததுண்டு. இதய நோய்க்குத் தரப்படும் டிஜாக்சின் மருந்தும் இதே இனத்தது. அது அளவு மிஞ்சினால் கொடுக்கும் முறிமருந்தே, தேரை நஞ்சுண்டவர்களுக்கும் உயிர் அளித்திருக்கிறது. மூலக்கூறுகளின் உறவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?